பிள்ளையின் காதில் யாருடைய குரல்?

(எமது சங்கத்தின் நூற்றாண்டு நிகழ்வுகளில் ஒன்றாகத் துணுக்காயில் நடைபெற்ற ஒன்றுகூடலில், வன்னியில் வாழும் பழைய மாணவிகள் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



நூற்றாண்டு என்றால் கல்லூரி நினைவுகளைப் பேசுவதுதான் வழமை. விடுதிப் பருப்பையும் இல்ல விளையாட்டுப் போட்டியையும் பற்றி இம்மலரில் எங்களைவிட நன்றாக எழுதக்கூடியவர்கள் பலர் இருக்கிறார்கள். வன்னியில் இருந்து ஏதாவது ஒரு விடயம் பேசுங்கள் என்று சங்கத்தில் கேட்டபோது நாங்கள் ஆறு பேர் கூடி இருந்து யோசித்தோம். எங்களில் மூவர் ஆசிரியர்கள். ஒருவர் குடும்பநல உத்தியோகத்தர். ஒருவர் அரச அலுவலகமொன்றில் வேலை. ஒருவர் வீட்டையும் வயலையும் பார்ப்பவர், மூன்று ஆண் பிள்ளைகளின் தாய். யோசிக்க அதிக நேரம் எடுக்கவில்லை. ஆறு பேரின் வாயிலும் வந்தது ஒன்றுதான்: பிள்ளைகள் போனில் சுட்டு விளையாடும் விளையாட்டு.

இதை நாம் குற்றப் பத்திரிகையாக வாசிக்க வரவில்லை. எங்கள் வீடுகளிலும் இது நடக்கிறது.

2020 மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டன. அதுவரை எமது பகுதியில் பெரும்பாலான வீடுகளில் போன் என்றால் அப்பாவின் போன்தான். பிறகு வாட்ஸ்அப்பில் பயிற்சித் தாள், சூமில் வகுப்பு. வீட்டில் சிக்னல் இல்லாத பிள்ளைகள் குளக்கட்டில் ஏறி நின்று படித்தார்கள். தோட்டை அடகு வைத்து வாங்கிய போன் உண்டு, வெளிநாட்டில் இருக்கும் சித்தி அனுப்பிய போன் உண்டு. வாங்கிக் கொடுக்கச் சொல்லி வற்புறுத்தியவர்களும் ஆசிரியர்களாகிய நாங்களே. பாடசாலை திறந்த பிறகு பிள்ளைகள் வகுப்புக்குத் திரும்பி வந்தார்கள். போன் அப்பாவிடம் திரும்பிப் போகவில்லை.

விளையாட்டைப் பார்த்திராத மூத்தோருக்காக ஒரு சிறு விளக்கம். பப்ஜி என்பது 2018இல் கைத்தொலைபேசிக்கு வந்தது. நூறு பேர் ஒரு தீவில் பரசூட்டில் இறங்குகிறார்கள். கையில் ஒன்றும் இல்லாமல் இறங்கி, வீடு வீடாகப் புகுந்து துவக்கு, மருந்து, தலைக்கவசம் தேடி எடுக்கிறார்கள். கடைசிவரை உயிரோடு நிற்பவர் வெற்றி பெற்றவர். ஃபிரீ ஃபயர் என்பது சிங்கப்பூர் நிறுவனம் ஒன்றினுடையது. இதில் ஐம்பது பேரளவில்தான். பத்துப் பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிடும், விலை குறைந்த போனிலும் ஓடும். எங்கள் பக்கத்தில் இதுதான் கூட. நாலு பேர் ஒரு குழுவாகச் சேரலாம், அதை ஸ்குவாட் என்கிறார்கள். குழுவில் உள்ளவர்கள் காதில் இயர்போனும் வாயருகே மைக்குமாகப் பேசிக்கொண்டே விளையாடுகிறார்கள். மற்ற மூவரும் பக்கத்து வளவுப் பெடியனாகவும் இருக்கலாம், எந்த நாட்டிலோ இருக்கும் முப்பத்தைந்து வயது ஆளாகவும் இருக்கலாம்.

எமது ஊரில் நடந்த ஒன்று. பிள்ளைகளின் அடையாளம் தெரியாதிருக்க இங்கே நாம் சொல்லும் சம்பவங்களில் சில விபரங்களை மாற்றியிருக்கிறோம். தரம் 8 படிக்கும் பெடியன் ஒருவன் இரவு பதினொரு மணிக்கு விறாந்தையில் இருந்து விளையாடியிருக்கிறான். இயர்போன் பழுது, சத்தம் வெளியே. “பின்னாலை வாறாங்கள், கிடவுங்கோ, கிடவுங்கோ!” என்று கத்தியிருக்கிறான். உள்ளே படுத்திருந்த அம்மம்மா எழும்பி, பக்கத்தில் கிடந்த சின்னப் பேத்தியை இழுத்துக்கொண்டு இருட்டில் வளவுக்குள் ஓடி, இல்லாத பங்கரைத் தேடியிருக்கிறார். கிணற்றடியில் விழுந்து கையில் உடைவு. பெடியன் அடுத்த நாள் வகுப்புக்கு வரவில்லை. அதற்கடுத்த நாள் வந்து, “ரீச்சர், நான் அம்மம்மாவைப் பயப்படுத்தவேணும் எண்டு செய்யேல்லை” என்று சொல்லி அழுதான்.

2008 நடுப்பகுதியில் துணுக்காயை விட்டுப் புறப்பட்ட எமது சனம் கிளிநொச்சி, தருமபுரம், விசுவமடு என்று நகர்ந்து நகர்ந்து கடற்கரைவரை போனது. நிலம் ஒவ்வொரு கிழமையும் சுருங்கியது. அந்த விளையாட்டிலும் ஒரு வட்டம் சுருங்கிக்கொண்டே வருகிறது. வட்டத்துக்கு வெளியே நின்றால் சாவு. அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயரைத் தமிழில் சொன்னால் ‘பாதுகாப்பு வலயம்’. எமது மொழியில் அந்தச் சொல்லுக்கு 2009இல் என்ன பொருள் வந்தது என்று இங்கே இருக்கும் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. விளையாட்டைச் செய்தவர்களுக்கு எங்களைப் பற்றி ஒன்றும் தெரியாது, அவர்களைக் குறை சொல்ல இதைக் கூறவில்லை. 2009க்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்கும் தெரியாது. நாங்கள் சொல்லவில்லை. அந்த அம்மம்மாவின் கை உடைந்த பிறகுதான் அந்த வீட்டில் முதல் தடவையாகப் பேரனுக்கு முழுக் கதையும் சொல்லப்பட்டது என்று அவனுடைய தாய் எங்களிடம் சொன்னார்.

அப்படியானால் சுடுகிற விளையாட்டு பிள்ளையைச் சுடுகிறவனாக்கிவிடுமா? பெற்றோர் எங்களிடம் கேட்கும் முதற் கேள்வி இதுதான். நாமும் அப்படித்தான் பயந்தோம். அமெரிக்க உளவியல் சங்கம் 2020இல் ஆய்வுகளை மீண்டும் பரிசீலித்து, இவ்விளையாட்டுகள் வன்முறைச் செயல்களுக்குக் காரணம் என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்றது. கத்துவது, தள்ளுவது போன்ற முரட்டுத்தனத்தோடு சிறிய தொடர்பு உண்டு என்றும் அதே அறிக்கை சொல்கிறது. நாம் வகுப்பறையில் காண்பதும் ஏறத்தாழ இதுதான். தோற்ற கோபத்தில் தங்கச்சிக்கு அடிக்கிறான், நித்திரை இல்லாமல் முதலாம் பாடத்திலேயே மேசையில் கவிழ்கிறான். துவக்குப் படத்தை நாம் விரும்புகிறோம் என்று இதற்குப் பொருள் அல்ல. இந்த மண்ணில் நின்றுகொண்டு அதை விரும்ப முடியாது. ஆனால் பெற்றோர் எல்லோரும் துவக்கையே பார்த்துக்கொண்டு இருக்க, உண்மையான தீங்கு காதுக்குள்ளால் வந்ததை நாங்கள் கண்டோம்.

ஒரு மாணவி. படிப்பில் கெட்டிக்காரி. பெடியன் பெயரில் கணக்கு வைத்து விளையாடியிருக்கிறாள். பெண் என்று தெரிந்தால் மற்றவர்கள் தூஷணம் பேசுவார்களாம், அதனால்தான் அந்தப் பெயர். குழுவில் ஒருவர் நன்றாகத் தமிழ் பேசியிருக்கிறார். குரலை வைத்து இவள் பெண் என்று பிடித்துவிட்டார். தூஷணம் பேசவில்லை, அதுதான் விடயம். “தங்கச்சி” என்று கூப்பிட்டார். வேறு யாராவது தூஷணம் பேசினால் அவர்களை ஏசினார். அவளுடைய விளையாட்டு உருவத்துக்கு விலை கூடிய உடுப்பு ஒன்று பரிசாக அனுப்பினார், இதை ஸ்கின் என்பார்கள். பிறகு பேச்சு விளையாட்டை விட்டு வாட்ஸ்அப்புக்கு மாறியது. பிறகு படம் கேட்டார். முதலில் பாடசாலைச் சீருடையில் ஒரு படம். பிறகு கேட்டது வேறு. அனுப்பாவிட்டால் முதற் படத்தை வெட்டி ஒட்டி ஊரெல்லாம் அனுப்புவேன் என்றார்.

அவள் இதை மூன்று மாதம் ஒருவருக்கும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டோம். “சொன்னா போனைப் பறிப்பினம், அடிப்பினம், படிப்பை நிப்பாட்டுவினம்” என்றாள். அத்தோடு நிற்கவில்லை. “நீங்களும் அசெம்பிளியிலை அப்பிடித்தானே ரீச்சர் சொன்னனீங்கள்” என்றாள்.

உண்மை. சொன்னோம். கேம் விளையாடுவதாக அறிந்தால் பெற்றோரை அழைத்துப் போனைப் பறிக்கச் சொல்வோம் என்று காலைக் கூட்டத்தில் நாங்களே அறிவித்திருந்தோம். அந்த அறிவித்தலின் பிறகு பிள்ளைகள் விளையாடுவதை நிறுத்தவில்லை, எங்களுக்குச் சொல்வதைத்தான் நிறுத்தினார்கள். இந்த மேடையில் இதை ஒப்புக்கொள்வது எங்களுக்கு இலகுவாக இல்லை.

செட்டிகுளம் முகாமில் இருந்து 2009 முடிவில் சனம் துணுக்காய்க்குத் திரும்பத் தொடங்கியபோது எமது பிள்ளைகளுக்கு முதலில் படிப்பித்த பாடம் என்ன என்று நினைத்துப் பாருங்கள். தமிழும் கணிதமும் பிறகுதான் வந்தன. கண்ணிவெடி அபாயக் கல்வி. யுனிசெப் ஆதரவோடு பாடசாலைகளில் நடந்தது. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை, தெரியாத பொருளைத் தொடாமல் விடுவது, வந்த வழியே திரும்புவது, பெரிய ஆளிடம் போய்ச் சொல்வது. ஐந்து வயதுப் பிள்ளைக்கும் அது மனப்பாடம். அந்தப் பாடத்தில் பெரியவர்களுக்கும் ஒரு பங்கு இருந்தது. பற்றைக்குள் ஏதோ கிடக்கிறது என்று ஒரு பிள்ளை ஓடிவந்து சொன்னால், ‘உன்னை யார் பற்றைக்குள் போகச் சொன்னது’ என்று நாம் அடிக்கவில்லை. அடித்திருந்தால் அடுத்த பிள்ளை சொல்லாது. சொன்ன பிள்ளையைத் தடவிக் கொடுத்தோம், பிறகு ஆட்களை அழைத்து அந்த இடத்தை அடையாளப்படுத்தினோம். எத்தனை பிள்ளைகளுக்குக் கால் மிஞ்சியது இதனால்தான் என்று இங்கே உள்ள தாய்மாருக்குத் தெரியும். அதே தாய்மார்தான், நாங்களும் சேர்த்துத்தான், போன் என்றதும் அந்தப் பாடத்தை மறந்துபோனோம்.

ஆகவே இங்குள்ள ஒவ்வொரு தாயிடமும் நாம் கேட்பது இது. இன்று இரவே பிள்ளையைக் கூப்பிட்டு ஒரு வாக்குக் கொடுங்கள்: “விளையாட்டுக்குள்ளை ஆராவது கூடாத கதை கதைச்சா, படம் கேட்டா, வெருட்டினா எனக்கு வந்து சொல்லு. சொன்னதுக்காகப் போனைப் பறிக்கமாட்டன், அடிக்கவும் மாட்டன்.” பிறகு அந்த வாக்கைக் காப்பாற்றுங்கள். இரண்டாவதுதான் கஷ்டம்.

அப்படிப் பிள்ளை வந்து சொன்னால் என்ன செய்வது? பதில் எழுத வேண்டாம், காசு அனுப்ப வேண்டாம். கோபத்தில் எல்லாவற்றையும் அழிக்கவும் வேண்டாம். பெற்றோர் முதலில் செய்வது அழிப்பதுதான், அதோடு சாட்சியும் போய்விடும். வந்த செய்திகளையும் அந்த ஆளின் கணக்குப் பெயரையும் இலக்கத்தையும் திரைப்படமாக எடுத்து வையுங்கள். பிள்ளையின் அந்தரங்கப் படம் என்றால் அதை வேறு யாருக்கும் அனுப்பிக் காட்ட வேண்டாம். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்கு எந்நேரமும் எடுக்கலாம், காசு இல்லை, தமிழில் பேசலாம். பிரதேச செயலகத்தில் சிறுவர்களுக்குப் பொறுப்பான உத்தியோகத்தர் இருக்கிறார். பொலிசில் சிறுவர், பெண்கள் பிரிவு இருக்கிறது. பொம்பிளைப் பிள்ளையின் பெயர் கெட்டுவிடும் என்று பயந்து மூடி வைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறோம். வெருட்டுகிற ஆள் நம்பியிருப்பதே அந்தப் பயத்தைத்தான். நாம் சொன்ன மாணவி பிறகு பரீட்சை எழுதினாள், நன்றாகச் செய்தாள். அவள் பெண் பிள்ளை என்பதால் இக்கதையைச் சொன்னோம், ஆனால் இதேபோல் வெருட்டப்பட்ட ஆண் பிள்ளைகளும் உண்டு. அவர்கள் இன்னும் குறைவாகவே வாய் திறக்கிறார்கள்.

விளையாடுவதோடு, மற்றவர் விளையாடுவதைப் பார்ப்பதும் இருக்கிறது. எமது பிள்ளைகள் யூடியூப்பில் பார்ப்பது பெரும்பாலும் தமிழ்நாட்டில் இருந்து வருவதை, மொழி ஒன்றென்பதால். அங்கே ‘டொக்சிக் மதன்’ என்ற பெயரில் பப்ஜி விளையாட்டை நேரலையாகக் காட்டியவர் 2021 ஜூனில் கைது செய்யப்பட்டார். சிறுவர் பலர் பார்த்துக்கொண்டிருந்த நேரலையில் பெண்களைப் பற்றி ஆபாசமாகப் பேசினார் என்பது அவர்மீதான குற்றச்சாட்டு. அந்த நேரம் இந்தியாவில் பப்ஜி தடை செய்யப்பட்டிருந்தது என்பதையும் கவனியுங்கள். 2020 செப்டெம்பரில் தடை, 2022 பெப்ரவரியில் ஃபிரீ ஃபயருக்கும் தடை. பிள்ளைகள் வேறு வழியால் விளையாடிக்கொண்டே இருந்தார்கள், பப்ஜியும் வேறு பெயரில் திரும்பி வந்தது. சீனாவில் 2021 முதல் பதினெட்டு வயதுக்குட்பட்டோருக்கு வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் இரவு எட்டு முதல் ஒன்பது மணிவரை மட்டும்தான் அனுமதி. அப்படி ஒரு சட்டம் இங்கே வரும் என்று காத்திருக்க எங்களுக்கு நேரம் இல்லை.

இனி வெளிநாட்டில் இருந்து வந்திருக்கும் அக்காமாருக்கும், இம்மலரை ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சிட்னியிலும் இருந்து வாசிக்கப்போகும் எல்லோருக்கும் உரிமையோடு ஒரு விடயம். நீங்கள் பாவித்த போனையும் ஐபாட்டையும் பெறாமகனுக்கும் மருமகளுக்கும் அனுப்புகிறீர்கள். பெரிய உதவி, மறுக்கவில்லை. ஆனால் பலர் தங்கள் கணக்கை அழிக்காமல் அனுப்புகிறார்கள். அப்போது என்ன நடக்கிறது? பதினொரு வயதுப் பிள்ளை விளையாட்டுக்குள் நாற்பத்தைந்து வயதுப் பெண்ணாகப் பதிவாகிறது. வயது குறைந்தவர்களுக்கென்று வைத்திருக்கும் பாதுகாப்புகள் ஒன்றும் அதற்கு வேலை செய்யாது. உங்கள் வங்கி அட்டையும் உள்ளே இருந்தால், அந்தப் பிள்ளை டயமண்ட் என்று அழுத்துகிற ஒவ்வொரு முறையும் உங்கள் காசு போகும். இங்கே ஒரு குடும்பத்தில் அக்காவும் தங்கச்சியும் ஒரு வருடம் பேசாமல் இருந்தது இப்படி ஒரு அட்டையால்தான். பிள்ளைக்கு அது காசு என்றே தெரியவில்லை, நீல நிறக் கல் என்று நினைத்திருந்தது. அனுப்புமுன் உங்கள் கணக்கை முழுதாக நீக்குங்கள். பிள்ளையின் உண்மையான பிறந்த திகதியோடு புதுக் கணக்குத் திறந்து, கூகுளின் ஃபமிலி லிங்க் போன்ற ஒன்றில் தாயின் போனோடு இணைத்துவிடுங்கள். இங்கே பல தாய்மாருக்கு அது தெரியாது, உங்களுக்குத் தெரியும்.

உங்கள் பிள்ளைகளும் இதற்குத் தப்பியவர்கள் அல்லர். ஃபோர்ட்நைட் விளையாட்டை நடத்தும் எபிக் நிறுவனம் 2022 டிசெம்பரில் அமெரிக்க அரசின் வர்த்தக ஆணைக்குழுவோடு 520 மில்லியன் டொலருக்கு இணக்கத்துக்கு வந்தது. ஆணைக்குழு கூறிய குறைகளில் ஒன்று, பிள்ளைகளும் அந்நியரும் பேசிக்கொள்ளும் வசதி தொடக்கத்திலேயே திறந்து வைக்கப்பட்டிருந்தது என்பது. வேண்டாதவர்கள் தேடிப்பிடித்து மூட வேண்டியிருந்தது. பெட்டியில் 12, 16, 18 என்று போட்டிருக்கும் வயதைப் பார்த்து வாங்குவது நல்லது, ஆனால் அந்த எண் பெரும்பாலும் படத்தைப் பற்றியது. இணையத்தில் ஆட்கள் பேசிக்கொள்வது தமது மதிப்பீட்டில் அடங்காது என்று அமெரிக்க மதிப்பீட்டுச் சபை தானே எழுதிவைத்திருக்கிறது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். இந்த விளையாட்டால் ஒரு நன்மையும் கண்டோம். ஒருவரை ஒருவர் நேரில் கண்டிராத ஒன்றுவிட்ட சகோதரங்கள், ஒன்று ஸ்காபரோவில், ஒன்று உயிலங்குளத்தில், ஒரே குழுவில் விளையாடுகிறார்கள். இவனால் அவனுக்குத் தமிழ் வருகிறது. கலியாண வீட்டுக்கு வந்தபோது முன்பே பழகியவர்கள்போல் தோளில் கை போட்டுக்கொண்டு திரிந்தார்கள். அதைக் கண்ட பிறகு ‘முழுதாக நிறுத்து’ என்று சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. தெரிந்தவர்களோடு மட்டும் விளையாடட்டும், மைக் அவர்களுக்கு மட்டும் திறக்கட்டும் என்ற முடிவுக்கு வந்தது இப்படித்தான். பதின்மூன்று வயதுக்குக் கீழ் என்றால் மைக்கே வேண்டாம் என்பது எங்களில் ஐந்து பேரின் கருத்து. ஆறாமவர், மூன்று ஆண் பிள்ளைகளின் தாய், அது நடக்கிற காரியமா என்று இன்னும் சிரிக்கிறார்.

அவரிடம் இருந்துதான் நாம் மிகவும் பயனுள்ள ஒன்றைக் கற்றோம். இந்த விளையாட்டை இடையில் நிறுத்தி வைக்க முடியாது. கரம் விளையாட்டு மாதிரி அப்படியே விட்டுவிட்டுச் சாப்பிட்டு வர ஏலாது. நடுவில் எழும்பினால் மற்ற மூவரையும் கைவிட்டதாக ஆகும், அடுத்த முறை சேர்க்கமாட்டார்கள். நாம் குசினியில் இருந்து “சாப்பிட வா” என்று கத்த, அவன் “வாறன், வாறன்” என்று சொல்லி வராமல் இருக்க, அங்கேதான் சண்டை தொடங்குகிறது. அவர் இப்போது கத்துவதில்லை. பக்கத்தில் போய் இருந்து, “இது முடிய எவ்வளவு நேரம்? எத்தினை பேர் மிச்சம்?” என்று கேட்பார். “ஒன்பது பேர் அம்மா” என்பான். “சரி, இதோடை காணும்” என்பார். பெரும்பாலும் எழும்புகிறான். அப்படிப் பக்கத்தில் இருந்ததால்தான் குழுவில் யார் பேசுகிறார்கள் என்றும் அவருக்குக் கேட்டது. விளையாட்டு விறாந்தையில், இயர்போன் இல்லாமல், இரவு ஒன்பது மணிக்குப் போன் அம்மாவின் அறையில். அந்த வீட்டில் இருக்கும் சட்டம் இவ்வளவுதான். அப்பாவின் போனும் ஒன்பது மணிக்கு அங்கேதான் போகிறது. அதில் அப்பாவுக்குக் கொஞ்சம் மனக்கசப்பு.

இது நோயா என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாக. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் 2022 ஜனவரி முதல் விளையாட்டு அடிமைநிலை இடம்பெற்றிருக்கிறது. ஆனால் கட்டுப்பாடு முழுதாகக் கைவிட்டுப் போய், படிப்பு, சாப்பாடு, உறவு எல்லாம் கெட்டும் விட முடியாத நிலை, அதுவும் பொதுவாகப் பன்னிரண்டு மாதமளவில் தொடர்ந்தால்தான் அப்பெயர். அப்படித் தோன்றினால் வைத்தியரிடம் கூட்டிப் போங்கள். கூட விளையாடுகிற பிள்ளையையெல்லாம் ‘விசர்’ என்று கூப்பிட வேண்டாம்.

கடைசியாக ஒரு அறிவித்தல். சங்கத்தின் நூற்றாண்டுப் பணிகளில் ஒன்றாக, வருகிற சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு இதே மண்டபத்தில் இருப்போம். மைக்கை மூடுவது, தெரியாதவர்களின் அழைப்பை நிறுத்துவது, வாங்குவதற்குக் கடவுச்சொல் போடுவது, பிறந்த திகதியைத் திருத்துவது, இவற்றை ஒவ்வொரு போனிலும் உட்கார்ந்து செய்து தருவோம். உயர்தர வகுப்பு மாணவிகள் சிலர் உதவிக்கு வருகிறார்கள், இதில் அவர்கள் எங்களுக்கே ஆசிரியர்கள். போனைச் சார்ஜ் பண்ணிக்கொண்டு வாருங்கள். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், பூட்டைத் திறக்க அவர்களுக்குத்தான் தெரியும்.